அடாஸ் வேரியன்டுக்குக் கூடுதல் பணம் போடலாமா? நம்ம ரோட்டில் அது உதவியா, உபத்திரவமா?

பொருநைக்கரை:

வணக்கம். செடான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நடு வேரியன்டிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்), இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு), ஆறு ஏர்பேக் வந்துவிடுகிறது. அதற்கு மேல் வேரியன்ட் போனால் அடாஸ், அதாவது ஓட்டுபவருக்கு உதவும் வசதிகள்: தானாகப் பிரேக் பிடிப்பது, லேனை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை இழுப்பது, முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ், பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை. வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

மாதம் ஒரு தடவை சென்னை–திருநெல்வேலி, போக வர 1,200 கிமீக்கு மேல் வரும். மற்ற நாளெல்லாம் ஊருக்குள். வருஷத்துக்கு இரண்டு முறை ஊட்டி.

யூடியூபில் பாதிப் பேர் தெய்வம் என்கிறார்கள், பாதிப் பேர் வாங்கின அன்றே எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்கிறார்கள். எனக்கு வேண்டியது இரண்டு விஷயம். எது உண்மையில் உயிரைக் காப்பது, எது தொல்லை? நாலு லேன் ரோட்டில் எதை ஆனில் வைத்து ஓட்டுவது?

---

நான்காம்_கியர்:

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதால் வரும் குழப்பம் இது. மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். நீங்களோ எதிரில் வருபவரோ தப்பு செய்த பிறகு வேலைக்கு வருபவை ஒரு வகை: ஏபிஎஸ், இஎஸ்சி, தானாகப் பிடிக்கும் அவசரப் பிரேக். நீங்கள் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கூடச் சேர்ந்து ஓட்டுபவை இன்னொரு வகை: லேன் கீப், அடாப்டிவ் குரூஸ். முதல் வகை வருஷத்தில் ஒரு நாள், ஓரிரு நொடி வேலை செய்யும். இரண்டாவது வகை பயணம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டே வரும். தொல்லை என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகைதான்.

ஏபிஎஸ் புதுசு இல்லை. பாஷ் தயாரித்து 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. இங்கே 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ஆனாலும் அது எதற்கு என்று பலருக்கும் பிடிபடவில்லை. சீக்கிரம் நிறுத்துவது அதன் முதல் வேலை இல்லை. சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதனால் பிரேக் முழுசாக மிதித்தபடியே திருப்ப முடிகிறது. அந்த நேரம் காலுக்கடியில் பெடல் கடகடவென உதைக்கும், கீழே அரைக்கிற மாதிரி சத்தம் வரும். இதற்குப் பயந்து காலைத் தளர்த்துபவர்கள்தான் அதிகம். தளர்த்தக் கூடாது. பழைய பழக்கத்தில் விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. ஒரே மிதி, முழு மிதி, கண் போகிற பக்கம் ஸ்டியரிங். ஆளில்லாத மைதானத்தில் மழை பெய்து ஈரமாக இருக்கும்போது 40-ல் போய் ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். அந்த உதைப்பு காலுக்குப் பழகிவிடும்.

சரளைக்கல், கொட்டிக் கிடக்கும் மணல் இரண்டிலும் ஏபிஎஸ் உள்ள கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பதால் அந்தக் குவியல் சேராது. ரோடு போடும் இடங்களில் இதை மனதில் வையுங்கள்.

இஎஸ்சிக்குத்தான் என் முதல் ஓட்டு. ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது, வண்டி நிஜமாக எந்த அளவு திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வளைவில் வால் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். முன்பக்கம் திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போனால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். தனித்தனிச் சக்கரத்துக்குத் தனித்தனிப் பிரேக் எந்த ஓட்டுநராலும் போட முடியாது, நம்மிடம் இருப்பது ஒரே பெடல். இது உங்கள் நடு வேரியன்டிலேயே இருப்பது நல்லது.

இதை அணைக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் சேற்றிலோ மணலிலோ சக்கரம் புதைந்தால். சக்கரம் சுழன்றாலே என்ஜின் பவரைக் குறைத்துவிடும், வண்டி வெளியே வராது. பல கார்களில் பட்டனை ஒரு தட்டு தட்டினால் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் போகும், சில நொடி அழுத்திப் பிடித்தால் இஎஸ்சியும் சேர்ந்து போகும். தட்டினால் போதும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

அவசரப் பிரேக்குக்காகத்தான் மேல் வேரியன்டுக்குப் பணம் கொடுக்கலாம். மற்றவை அதோடு ஒட்டிக்கொண்டு வருபவை.

---

பழைய_லைசென்ஸ்:

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1980களில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரே மாதிரி டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ் வைத்தும் பாதிக்கு இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார்கள். விபத்துக் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர் வளைவில் இன்னும் வேகமாகப் போனார், முன்வண்டியை இன்னும் ஒட்டிப் போனார். கொடுத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

அடாஸில் இது இன்னும் மோசம். ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டு ரீல் எடுக்கிறார்கள். கைப்பிடியின் விசையைத்தான் பல கார்கள் பார்க்கின்றன, பாட்டிலின் எடையைக் கை என்று நம்பிவிடும். ஸ்டியரிங், வேகம் இரண்டிலும் கார் உதவும் இதை இரண்டாம் நிலை என்பார்கள், அதில் பொறுப்பு முழுக்க ஓட்டுபவருடையது. அது தெரியாதவர் கையில் இந்த வசதி இல்லாமலிருப்பதே மேல்.

எச்சரிக்கைச் சத்தம் இன்னொரு வியாதி. 80-ஐத் தாண்டினால் ஒரு பீப், 120-ஐத் தாண்டினால் ஓயாத பீப், பெல்ட்டுக்கு ஒன்று, லேனுக்கு ஒன்று, பக்கத்தில் பைக் வந்தால் ஒன்று. பத்து நாளில் காது மரத்துவிடும். நிஜமாகவே மோதப்போகும்போது அடிக்கும் சத்தமும் அதே கூட்டத்தில் கரைந்துபோகும்.

---

நான்காம்_கியர்:

மியூனிக் விஷயம் சரி, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் ஆய்வு மையத்தின் கணக்கில் அவசரப் பிரேக் உள்ள கார்கள் முன்வண்டியின் பின்னால் போய் மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. இஎஸ்சி, தனியாகத் தடம்புரண்டு உயிர்போகும் விபத்துகளில் அதே அளவு குறைக்கிறது. இரண்டும் ஓட்டுநரின் கண்ணில் படாமல் கிடப்பவை. இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் வேகம் கூட்டுவது குறைவு.

உங்கள் வாதம் லேன் நடுவில் வைத்து ஓட்டும் வசதிக்கும் அடாப்டிவ் குரூசுக்கும் அப்படியே பொருந்தும். அதே மையம் 2024-ல் சொன்னது: இந்தக் கூட்டு வசதி விபத்தைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அது சொகுசு. சொகுசு என்று தெரிந்து பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு விஷயம் கூடுதலாக. ஆட்களைக் கண்டு நிற்கும் பிரேக், மொத்தத்தில் பாதசாரி விபத்தை 27 சதவீதம் குறைத்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் பலனே தெரியவில்லை. நம் நெடுஞ்சாலையில் ஆள் குறுக்கே வருவது பெரும்பாலும் அந்த இருட்டில்தான்.

---

ஸ்பானர்_செட்டு:

நீங்க ரெண்டு பேரும் சென்சார் ஒழுங்கா இருக்குன்னு வச்சுக்கிட்டுப் பேசறீங்க. பட்டறைக்கு வர்ற வண்டில பாதிக்கு அது ஒழுங்கா இருக்காது. வாங்கறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல கேமரா. கண்ணாடியில ரியர்வியூ மிரருக்குப் பின்னாடி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதுதான். கண்ணாடி உடைஞ்சு மாத்தினா கேமராவைக் கழட்டி மாட்டணும். மாட்டினதும் கேலிபிரேஷன், அதாவது அது பாக்கற கோணத்தைச் சரியா செட் பண்றது, கட்டாயம். அதுல ரெண்டு வகை. ஒண்ணு, சமதரையில வண்டியை நிறுத்தி, சொன்ன தூரத்துல, சொன்ன உயரத்துல கட்டம் போட்ட பலகையை வச்சு ஸ்கேனர்ல செட் பண்றது. இன்னொண்ணு, ஸ்கேனரை மாட்டிக்கிட்டுக் கோடு தெளிவா இருக்கற ரோட்டுல ஓட்டி அதுவா கத்துக்க விடறது. எந்தக் காருக்கு எதுன்னு கம்பெனி சொல்லியிருக்கும், சிலதுக்கு ரெண்டுமே வேணும்.

"ஒரு டிகிரிதானே, என்ன ஆயிடும்"னு கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டிகிரி சாஞ்சா 100 மீட்டர் தள்ளி 1.75 மீட்டர் விலகும். நம்ம நெடுஞ்சாலை லேன் 3.5 மீட்டர். சரியா அரை லேன். பக்கத்து லேன்ல போற லாரியை முன்னாடி போறதா நினைச்சு சடன் பிரேக் போடும், இல்லேன்னா முன்னாடி இருக்கறதை விட்டுடும்.

அதனால இன்சூரன்ஸ்ல கண்ணாடி மாத்தும்போது பில்லுல கேலிபிரேஷன் தனி வரியா இருக்கான்னு பாருங்க. வெளிச்சந்தைக் கண்ணாடி சிலதுல கேமரா முன்னாடி வர்ற பகுதி தெளிவில்லாம, லேசா அலை அலையா இருக்கும். அதுல எத்தனை தடவை செட் பண்ணினாலும் நிக்காது.

அடுத்தது ரேடார். முன் லோகோவுக்குப் பின்னாடியோ கீழ் கிரில்லுலயோ உக்காந்திருக்கும். பம்பர்ல லேசா இடிச்சாலே பிராக்கெட் வளைஞ்சிடும், வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாது. பிளைண்ட் ஸ்பாட் ரேடார் பின்பம்பர் மூலைக்குள்ள இருக்கு. அந்த மூலைக்கு டிங்கர் பண்றவர் கனமா பட்டி போட்டு, மேல மெட்டாலிக் பெயின்ட் ரெண்டு கோட்டு அடிச்சா ரேடார் அலை வெளிய போகாது. பம்பர் மூலை உடைஞ்சா ஒட்டுப்போடாம மாத்திடறது நல்லது.

ஆயுதபூஜைக்கு அடுத்த நாள் "சென்சார் மறைக்கப்பட்டுள்ளது"ன்னு மெசேஜ் வருதுன்னு வருஷா வருஷம் வண்டிங்க வரும். ரேடார் மேல மாலை, எலுமிச்சம்பழம், கேமரா முன்னாடி சந்தனம். சந்தனம் காஞ்சா வைப்பர்ல போகாது, ஈரத்துணியில ஊற வச்சுத் துடைங்க. மாலையைப் பானெட்டுக்கு மேல கட்டிக்கலாம். பொட்டு வைக்கக் கண்ணாடி ஓரம் இருக்கு.

மூணாவது, யாரும் கவனிக்காதது, சக்கரம். ஏபிஎஸ், இஎஸ்சி எல்லாம் சக்கர வேகத்தை வச்சுத்தான் கணக்குப் போடுது. முன்னாடி ரெண்டு புது டயர், பின்னாடி வழுக்கை, ஒரு பக்கம் வேற சைஸுன்னா அதுக்குக் குழப்பம். சின்ன ஸ்டெப்னி மாட்டினா 80-க்கு மேல போகாதீங்கன்னு அதுலயே எழுதியிருக்கும், அதுவரைக்கும் குரூசும் வேண்டாம். வீல் பேரிங் மாத்தின அன்னைக்கே ஏபிஎஸ் லைட் எரிஞ்சா, பாதி கேஸ்ல பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. இப்ப வர்ற பேரிங்ல ஒரு பக்கம் காந்தப் பட்டை இருக்கு, அது சென்சார் பக்கம் பாக்கணும். கண்ணால பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பேப்பர் கிளிப்பைக் கிட்ட கொண்டுபோங்க, காந்தப் பக்கம் இழுக்கும்.

அலைன்மென்ட் பண்ணின பிறகு ஸ்டியரிங் நேரா இல்லாம லேசா கோணலா நின்னா அப்படியே ஓட்டாதீங்க. ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர்ல ஜீரோ பண்ணணும். இல்லேன்னா நேரா போறப்பவே நீங்க திருப்பறீங்கன்னு இஎஸ்சி நினைக்கும்.

லைட் விஷயமும் சொல்லிடறேன். மஞ்சள் ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது, அதோட இஎஸ்சி, அவசரப் பிரேக், குரூஸ் எல்லாம் வரிசையா படுத்துடும். டாஷ்போர்டுல அஞ்சாறு லைட் ஒண்ணா எரியறதுக்குக் காரணம் பலநேரம் ஒரே ஒரு சக்கர சென்சார் ஒயர்தான். சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ஓரங்கட்டுங்க. முதல்ல பிரேக் ஆயில் மட்டம் பாருங்க.

பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஏபிஎஸ் யூனிட் உள்ள துரு பிடிச்சா ரிப்பேர் கிடையாது, யூனிட்டே மாத்தணும்.

---

பொருநைக்கரை:

மிக்க நன்றி. கேலிபிரேஷன் பற்றி ஷோரூமில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடாப்டிவ் குரூஸ் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். நாலு லேனில் அது தானாக சடன் பிரேக் போட்டால் பின்னால் ஒட்டி வரும் பஸ் மேலே ஏறிவிடாதா? ராத்திரிப் பயணத்தில் நம்பலாமா?

---

தொப்பூர்_இறக்கம்:

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் குரூஸைவிட ஓட்டுபவர் வைத்த செட்டிங்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முன்வண்டியோடு விடும் இடைவெளியை வைக்க மூன்று நான்கு படிகள் வரும். அது மீட்டர் கணக்கில் இல்லை, நொடிக் கணக்கு. 80 கிமீ வேகத்தில் ஒரு நொடி என்றால் 22 மீட்டர், இரண்டு நொடி என்றால் 44. இங்கே 44 மீட்டர் விட்டால் அதற்குள் ஒரு காரும் இரண்டு பைக்கும் நுழைந்துவிடும். ஒவ்வொருவர் நுழையும்போதும் கார் பிரேக் பிடித்துப் பின்வாங்கும், பின்னால் வருபவருக்கு எரிச்சல். இதற்குப் பயந்து எல்லோரும் மிகக் குறைந்த படியில் வைக்கிறார்கள். அது தப்பு. நடுப் படியில் வையுங்கள், வேகத்தை 80–85-ல் நிறுத்துங்கள், யாராவது நுழையப் போகிறார் என்று தெரிந்ததும் அது பிடிக்கும் முன் நீங்களே செட் செய்த வேகத்தைக் குறையுங்கள் அல்லது குரூஸைக் கேன்சல் செய்யுங்கள். முன்சக்கரம் திரும்பும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ரேடாருக்கு அந்த வண்டி பாதி உடம்பு உள்ளே வந்த பிறகுதான் தெரியும். அந்த ஒரு நொடிதான் மென்மையாக வேகம் குறைவதற்கும் சடன் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குரூஸ் பிரேக்கை விட்டுவிடும். காரணமில்லாமல் பிரேக் பிடிப்பதாகத் தோன்றினால் மிரரில் ஒரு பார்வை, காலால் ஒரு மிதி. இது கைவர ஒரு வாரம் ஆகும்.

இப்போது ராத்திரி. குரூஸ் நிற்கிற லாரியை நம்பகமாகப் பிடிக்காது. ரேடாருக்கு ஓடும் பொருளை அடையாளம் காண்பது எளிது. நிற்கும் பொருள் என்றால் மேம்பாலத் தூண், பெயர்ப்பலகை, சாலையோரத் தடுப்பு எல்லாமே நிற்கும் பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது, அதனால் வேகமாகப் போகும்போது நிற்பவற்றில் பலதை ஒதுக்கிவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மோசமான சூழ்நிலை இது: முன்னால் ஒரு கார், அதைத் தொடர்ந்து குரூஸில் போகிறீர்கள், அந்த கார் கடைசி நொடியில் லேன் மாறுகிறது, அதற்கு முன்னால் பஞ்சராகி நிற்கும் லாரி, பின்னால் விளக்கும் இல்லை, ஒளிரும் பட்டையும் இல்லை. முன்வண்டி விலகியதும் குரூஸுக்குப் பாதை காலியாகத் தெரியும், செட் செய்த வேகத்துக்கு ஏற ஆரம்பிக்கும். அவசரப் பிரேக் தனியாக முயற்சி செய்யலாம், ஆனால் அந்த வேகத்தில் முழுசாக நிறுத்திவிடும் என்று எண்ண வேண்டாம். 80-ஐ 40 ஆக்கினால்கூட மோதலின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். அது பெரிய விஷயம்தான், ஆனாலும் மோதல் மோதல்தான்.

லோ பீம் ஒழுங்காக இருந்தால் 50 மீட்டர் சுமாருக்கு வெளிச்சம். 80-ல் பார்த்து, உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்கே 33 மீட்டர். காய்ந்த தார் ரோட்டில் நிற்க இன்னும் 31 மீட்டர். மொத்தம் 64. 60-ல் போனால் 43 மீட்டரில் முடிந்துவிடும். மழையில் இந்தக் கணக்கும் நிற்காது. ராத்திரி குரூஸ் போட்டால் கால் பெடலை விட்டு நகர்ந்து தரையில் ஓய்வெடுக்கும், அந்த ஒன்றரை நொடி இரண்டாகிவிடும். அதனால் ராத்திரி குரூஸ் வேண்டாம் என்பதே என் பதில். அவசரப் பிரேக் ஆனில் இருக்கட்டும்.

லேன் கீப் விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன்: அதிர்வு எச்சரிக்கை மட்டும் வையுங்கள், இழுப்பதை அணையுங்கள். நம் ரோட்டில் பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் புதுக்கோடு போட்டிருப்பார்கள். விரிசலுக்கு ஊற்றிய தார் மழையில் வெயில் பட்டால் கோடு போலவே மின்னும். பள்ளத்தைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் சட்டென ஒதுங்கினால் அது பள்ளத்தை நோக்கித் திருப்பி இழுக்கும். இழுப்பு பலமானது இல்லை, ஐரோப்பிய விதிப்படி அதை மீற 50 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது, ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தூக்கும் பலம். கை மீறிவிடும். ஆனால் எதிர்பாராத நேரத்தில் ஸ்டியரிங் எதிர்த்தால் பதறிப்போய் அதிகமாக ஒடித்துவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். எங்கேயாவது ராங் சைடில் பைக் வந்து நீங்கள் ஒதுங்கும்போதும் இதே கதைதான்.

கோடு தெளிவாக இருக்கும் புது ஆறு லேன் ரோட்டில் போட்டுக்கொள்ளலாம். அங்கே சுகமாகத்தான் இருக்கும்.

தானாக ஹை பீம் டிப் ஆகும் வசதியை மீடியன் (நடுத்தடுப்பு) இல்லாத ரோட்டில் அணைத்துவிடுங்கள். சைக்கிளுக்கும் மங்கலான ஒற்றை விளக்கு டிவிஎஸ் ஃபிப்டிக்கும் டிப் செய்யாமல் போய்விடும்.

---

கல்லட்டி_வளைவு:

ஊட்டி என்றதால் ஒரு வார்த்தை. மலைப்பாதையில் குரூஸ் எந்த வகையானாலும் கூடாது. இறக்கத்தில் அது செட் செய்த வேகத்தைக் காக்கப் பிரேக்கையே பிடித்துப் பிடித்து விடும். நீங்கள் பெடலை மிதிக்காததால் பிரேக் பேடு சூடாவது காலுக்குத் தெரியாது. வாசனை வரும்போது பாதி பிரேக் போயிருக்கும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, முதல் வளைவிலிருந்தே இரண்டாவது கியர் அல்லது முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு அல்லது எல் (லோ கியர்).

கொண்டை ஊசியில் முன்மோதல் எச்சரிக்கை எதிர்ச் சுவரையும் வளைவில் வரும் பஸ்ஸையும் பார்த்து அலறும், சிலநேரம் பிரேக்கும் தட்டும். எச்சரிக்கை நேரத்தை "தாமதம்" என்ற படியில் வைத்தால் குறையும். முழுசாக அணைக்க வேண்டியதில்லை. பனிமூட்டத்தில் கேமரா தானே கைவிட்டுவிட்டு மெசேஜ் காட்டும், அதைப் பழுது என்று நினைக்காதீர்கள்.

ஹில் ஹோல்டு ஏற்றத்தில் இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். அதற்குமேல் நின்றால் ஹேண்ட் பிரேக்.

---

பொருநைக்கரை:

மேல் வேரியன்டே எடுக்கலாம் என்று முடிவு. அவசரப் பிரேக் ஆன், லேனில் அதிர்வு மட்டும், பகலில் நாலு லேனில் மட்டும் குரூஸ். டெலிவரி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

---

ஸ்பானர்_செட்டு:

பணம் கட்டறதுக்கு முன்னாடியே உங்க ஊர் சர்வீஸ் சென்டர்ல கேலிபிரேஷன் பலகை இருக்கா, இல்ல சென்னைக்குத்தான் கொண்டுவரணுமான்னு கேளுங்க. கேமரா மட்டுமா, கேமராவும் ரேடாருமா, அதையும் கேளுங்க.

டெலிவரி அன்னைக்கு சாவி போட்டதும் எல்லா லைட்டும் எரிஞ்சு சில நொடியில அணையுதான்னு பாருங்க. எரியவே இல்லேன்னாலும் தப்புதான். கையேட்டுல அவசரப் பிரேக் பக்கத்தை மட்டும் படிங்க: எந்த வேகத்துல இருந்து எந்த வேகம் வரைக்கும், காருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். நீங்க அணைச்சது அடுத்த தடவை ஸ்டார்ட் பண்றப்ப திரும்ப ஆன் ஆகுதா, அப்படியே இருக்குதான்னும் போட்டுப் பாருங்க. காருக்குக் கார் மாறும்.

அப்புறம் ஃபாஸ்டேக். ஷோரூம் பையன் பழக்கதோஷத்துல மிரருக்குப் பின்னாடி நடுவுலயே ஒட்டப்போவான். அந்த நேரம் கூடவே நில்லுங்க. கேமராவோட பார்வைக்குள்ள போகாம, கையேட்டுல காட்டியிருக்கற இடத்துல ஒட்டச் சொல்லுங்க. ஒட்டினதைப் பிய்ச்சா டேக் செத்துடும், புதுசு வாங்கணும்.